தபால் பெட்டியில் என் பெயர் இல்லை

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் குளிரைப் பற்றியே பேசினார்கள். பெரியம்மா இரண்டு கம்பளிக் குல்லாய் பின்னிக் கொடுத்தார். மாமா ஒருவர் மூக்கு வெடிக்காமல் இருக்க ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார். (அந்த எண்ணெய் இங்கே வந்த சில நாளிலேயே பாட்டிலுக்குள் கல்லாகிவிட்டது. தினமும் ஹீட்டர் மேல் வைத்து உருக்குகிறேன்.) தபாலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏழு மாதம் பட்ட பிறகு நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுண்ட் (ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் எடுக்கும் கணக்கு), விசா இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவை ஒழுங்காகவே முடிந்தன. ஒரே ஒரு எச்சரிக்கை: நான் பணம் கட்டியபோது பிளாக்டு அக்கவுண்டுக்கு 11,208 யூரோ போதும், 2024 செப்டம்பர் 1 முதல் அது 11,904 ஆகிவிட்டது. மாதத்துக்கு 934 என்று இருந்தது 992 ஆனது. சீனியர் சொன்ன தொகையை வைத்து வங்கிக் கடனுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

அந்த 2024 செப்டம்பர் கடைசியில் சாக்சனி மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊரில் வந்து இறங்கினேன். மாணவர் விடுதியில் 16 சதுர மீட்டர் அறை. அதற்குள்ளேயே அடுப்பு, குளியலறை எல்லாம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். விடுதிக்காரர்கள் கொடுத்த தாளும் பாஸ்போர்ட்டும் காட்டினால் போதும், இருபது நிமிட வேலை. என் வினை அந்த இருபது நிமிடத்தில்தான் விதைத்தாயிற்று.

நம் ஊர் ஆட்கள் பலரையும் போல என் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலி. பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட், “இனிஷியலெல்லாம் எதுக்கு தம்பி, பேரை மட்டும் போடுங்க” என்று முடித்துவிட்டார். ஆனால் விடுதிக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தபோது, குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கமே திறக்கவில்லை. அப்பா பெயரைப் போட்டேன். வேறு என்ன போடுவது? நகர அலுவலகத்திலோ பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் வேதம். என் பெயரைக் குடும்பப் பெயராக எழுதி, முதல் பெயர் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார்கள். ஆக, விடுதிக் கணக்கில் நான் அப்பா. அரசாங்கக் கணக்கில் நான் நான்.

விடுதியின் தரைத்தளத்தில் வரிசையாகத் தபால் பெட்டிகள். என் பெட்டியில் அப்பா பெயரை மட்டும் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பா இரண்டு நாள் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்.

தெரிந்துகொள்ளுங்கள்: இந்த ஊரில் அறை எண்ணைப் பார்த்துத் தபால் போடுவதில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். கடிதத்தில் உள்ள பெயர் பெட்டியில் இல்லையென்றால் அது வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை தனியாக, அதன் ரகசிய எண் தனியாக, வரி எண், இன்சூரன்ஸ் அட்டை என்று இங்கே வாழ்க்கை தொடங்குவதே தபாலில்தான்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஜெர்மன் தபால் மெதுவாகத்தான் வரும் போல என்று நினைத்துக்கொண்டேன். பீட்சாக் கடை நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்தது. அதற்குப் பெயர் தேவையில்லை அல்லவா.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அதற்குப் பிறகு மாலை என்பதே இல்லாமல் போனது. டிசம்பரில் எட்டு மணிக்குத்தான் வெயில். வெயில் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். நாலு மணிக்கு இருட்டு. துவைத்த துணியை அறைக்குள் காயப்போட்டு, ஜன்னலை இறுக மூடி, ஹீட்டரை ஐந்தில் வைத்து வாழ்ந்தேன். ஜன்னல் ஓரச் சுவரில் கருப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூசணம் பூத்தது. மைனஸிலும் காலையில் ஐந்து நிமிடம் ஜன்னலை முழுக்கத் திறந்து வைக்க வேண்டுமாம். ஹீட்டரை மூன்றில் வைத்தால் கிட்டத்தட்ட 20 டிகிரி, அது போதும். பூசணத்துக்கு விடுதிக்காரர்கள் பணம் பிடித்துவிடுவார்கள், ஜாக்கிரதை. சென்னையில் வாங்கிய ‘விண்டர் ஜாக்கெட்’ அக்டோபரோடு ஓய்வு பெற்றது. அந்தக் காசுக்கு இங்கே வந்து செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் விசா மார்ச் 24 வரைதான். அதற்குள் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு, அதாவது தொடர்ந்து தங்குவதற்கான அனுமதிக்கு, விண்ணப்பிக்க வேண்டும். நவம்பரிலேயே எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “அப்பாயிண்ட்மெண்ட் தேதி தபாலில் வரும்” என்று ஒரு தானியங்கிப் பதில். டிசம்பர் போனது. பொங்கலும் போனது. ஜனவரி கடைசியில் மறுபடி எழுதிக் கேட்டேன். இரண்டே வரியில் பதில்: உங்கள் அப்பாயிண்ட்மெண்ட் ஜனவரி 14. நீங்கள் வரவில்லை.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே போய் டோக்கன் வாங்கிவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் என் கோப்பிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார். என் பெயர், என் முகவரி, என் அறை எண், எல்லாம் சரி. அதன் மேல் கோணலாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். பெறுநரை இந்த முகவரியில் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற கட்டத்தில் பேனாவால் ஒரு டிக்.

“நான் அங்கேதான் இருக்கிறேன், பதிவுகூட உங்கள் ஊர் அலுவலகத்தில்தான் செய்தேன்” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். “பெட்டியில் பெயர் இருப்பது உங்கள் பொறுப்பு” என்றார். அது சரிதான். புதுத் தேதியை இப்போதே கையில் கொடுங்கள் என்று கேட்டேன். முடியாது, தபாலில்தான் அனுப்புவார்களாம். அதே பெட்டிக்கு! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

விடுதியில் பராமரிப்புக்கு ஒரு ஹவுஸ்மைஸ்டர் உண்டு. செவ்வாயும் வியாழனும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அறுபது வயதுக்காரர், நீல நிற ஓவரால், ஆங்கிலம் சுத்தமாகக் கிடையாது. அடுத்த செவ்வாய் போனேன். இரவெல்லாம் தயார் செய்த வாக்கியத்தை ஒப்பித்தேன்: “பெட்டியில் என் பெயரை மாற்ற முடியுமா?” அவர் நிமிர்ந்து பார்த்து, “நூ” என்றார். நான் இன்னொரு முறை கேட்டேன். இப்போது இரண்டு தரம், “நூ, நூ.” முகத்தில் கோபம் இல்லை, ஆனாலும் மறுத்துவிட்டாரே. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டார். நான் நிற்கவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் இடிந்துபோய் இருந்தேன். நானே கையால் எழுதி ஒட்டலாம் என்றால், ‘பெட்டிகளில் எதையும் ஒட்டாதீர்கள்’ என்று மேலேயே அறிவிப்பு. கடைசியில் மேல் மாடியில் பிஎச்டி செய்கிற சேலத்து அக்காவிடம், மாவு கடன் வாங்கப் போன இடத்தில், புலம்பினேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“டேய் தம்பி, இந்த ஊர்ல ‘நூ’ன்னா ஆமாம்டா. ‘மாத்தலாம், மாத்தலாம்’னு சொல்லியிருக்கார். நீ பாட்டுக்கு வந்துட்டியே.”

சென்னையில் ஜெர்மன் வகுப்பில் எனக்கு ஆமாமுக்கு ‘யா’வும் இல்லைக்கு ‘நைன்’னும்தான் சொல்லித் தந்தார்கள். சாக்சனிக்காரர்கள் பேச்சில் ‘நூ’ என்றால் ஆமாம் என்று யார் கண்டது? இந்தப் பக்கம் படிக்க வருகிறவர்கள் முதலில் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த நாள் வியாழன். மைனஸ் 11. வழுக்காமல் இருக்கத் தெருவில் பொடிக் கல் தூவியிருந்தார்கள். விளக்குக் கம்பமெல்லாம் பிப்ரவரி 23ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலுக்கான போஸ்டர்கள். அக்காவும் கூட வந்தார். ஹவுஸ்மைஸ்டர் என்னைப் பார்த்ததும், ஓடிப்போன பையன் வந்துவிட்டான் என்கிற மாதிரி கையை விரித்தார். சின்ன லேபிள் மெஷினில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அப்பா பெயருக்குக் கீழே என் பெயரைச் சேர்த்து ஒட்டி, கட்டை விரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார். முழுசாக இரண்டு நிமிடம்.

நாலாவது நாள் என் பெயருக்கு முதல் கடிதம் வந்தது. நடுங்கும் கையோடு பிரித்தேன். ரேடியோ, டிவிக் கட்டணமாம். அறையில் டிவி இருக்கிறதோ இல்லையோ, குடியிருப்பு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ, அதுவும் அக்டோபரிலிருந்து கணக்கு. நாட்டிலேயே என்னைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தான். (பொதுச் சமையலறையோடு ஒரே வீட்டைப் பகிர்ந்து இருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கட்டணம் கட்டினால் போதும். ஆளுக்கு ஒன்று கட்டி ஏமாறாதீர்கள்.)

அப்பாயிண்ட்மெண்ட் கடிதமும் வந்தது, மார்ச் 4க்கு. போனேன். அதே அம்மாள். இன்சூரன்ஸ் தாள் சரி, பிளாக்டு அக்கவுண்ட் சரி, போட்டோ சரி. பல்கலைக்கழகச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளிர்கால செமஸ்டர் மார்ச் 31ல் முடிகிறது, ஏப்ரலில் தொடங்குகிற செமஸ்டருக்கான சான்றிதழ் எங்கே? அந்தக் கட்டணத்தை நான் இன்னும் கட்டவில்லை, கடைசி நாள் வரட்டும் என்று இருந்தேன். அன்றைய பயணம் வீண். மார்ச்சில் அப்பாயிண்ட்மெண்ட் இருந்தால் அடுத்த செமஸ்டர் கட்டணத்தை ஜனவரியிலேயே கட்டிவிடுங்கள். அடுத்த தேதியையாவது கையில் கொடுங்கள் என்று மறுபடி கெஞ்சினேன். இந்த முறை என்ன நினைத்தாரோ, ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினார். மார்ச் 18.

அன்றைக்குத் தாள் எல்லாம் பாஸ். கைரேகை எடுத்தார்கள். 100 யூரோவை வராந்தாவில் உள்ள மெஷினில் கட்டி ரசீது கொண்டு வரச் சொன்னார்கள். விசா கம்பெனியின் என் டெபிட் கார்டை மெஷின் மூன்று முறை துப்பியது. உள்ளூர் வங்கிகள் கொடுக்கும் ஜிரோகார்டு மட்டும்தான் செல்லுமாம். அலுவலகம் மூட இன்னும் பதினைந்து நிமிடம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சிரியாக்காரர் ஒருவர் என்னை விலக்கிவிட்டுத் தன் கார்டைச் செருகினார். கையில் இருந்த ரொக்கத்தை எண்ணிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமலேயே பையில் வைத்துக்கொண்டு, “போ, போ” என்று கதவைக் காட்டினார்.

பெர்மிட் அட்டை அச்சாகி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கையில் வைத்துக்கொள்ள மடிப்புத் தாள் ஒன்று தருவார்கள், ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று வாய் சுளுக்கும் பெயர். அதில் வெளிநாட்டவர் தங்குவதற்கான சட்டத்தின் 81ஆம் பிரிவின் எந்த உட்பிரிவில் டிக் போட்டிருக்கிறது என்று அங்கேயே பாருங்கள். 4 என்றால் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம். 3 என்றால் வெளியே போனால் திரும்ப முடியாது. எனக்கு 4. விசா முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் முடிவு வரும்வரை சட்டப்படி தங்கலாம் என்பதால், நவம்பரில் அனுப்பிய அந்த மின்னஞ்சலை நான் அச்சடித்தே வைத்திருந்தேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியில் அட்டை வந்தது. குடும்பப் பெயர் இடத்தில் என் பெயர், முதல் பெயர் இடத்தில் கோடு. வரி எண்ணுக்கு மறுபடி எழுதிப் போட்டிருக்கிறேன், அது இன்னும் வழியில் இருக்கிறது.

பெட்டியின் புதுப் போட்டோவை வீட்டுக்கு அனுப்பி, நடந்ததை எல்லாம் சொல்லி, ஹவுஸ்மைஸ்டரிடம் சொல்லி அப்பா பெயரை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“இருந்துட்டுப் போகுது விடு” என்றார் அப்பா. “மேலதானே இருக்கு.”