“வெறும் வயித்தோட வாங்க” என்றால் எத்தனை மணியிலிருந்து?

ஹெர்னியா, சுன்னத், கொழுப்புக் கட்டி, கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி என்று காலையில் வந்து சாயங்காலம் வீடு திரும்பும் ஆபரேஷன்களில், டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு படிவம் கொடுப்பார்கள். ‘மயக்க மருந்து பற்றிய விளக்கம் திருப்தியாக இருந்ததா?’ அனேகமாக எல்லோரும் ‘மிகவும் திருப்தி’யில் டிக் அடித்துவிடுவார்கள். நல்லபடியாகக் கண் விழித்த நிம்மதி ஒரு பக்கம், டாக்டரைக் குறை சொல்வானேன் என்ற தயக்கம் ஒரு பக்கம். அதே ஆளிடம் “நாளைக்குக் காலையில பைக் எடுக்கலாமா?” என்று கேட்டால்தான் விளக்கம் போய்ச் சேர்ந்ததா என்பது தெரியும்.

அதிகம் பிசகுவது “வெறும் வயித்தோட வாங்க” என்ற வாக்கியத்தில்தான். ஒருவர் ராத்திரி 9 மணியோடு பச்சைத் தண்ணீரையும் நிறுத்திவிட்டு மறுநாள் மதியக் கேசுக்கு நாக்கு வறண்டு வருவார். தலைவலி, கிறுகிறுப்பு, ஊசி போட நரம்பு கிடைக்காது. இன்னொருவர் “டீ மட்டும்தான் சார்” என்பார். பால் டீ இரைப்பைக்குப் பானம் இல்லை, ஆகாரம். அமிலத்தில் பால் திரிந்து கட்டியாகி மெதுவாகத்தான் கீழே இறங்கும். மயக்கத்தில் இருமித் தள்ளும் சக்தி இருக்காது. மேலே ஏறி வருவது நேராக நுரையீரலுக்குள் போய்விடும்.

கணக்கு இதுதான்: பிரியாணி, பரோட்டா போன்ற எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு 8 மணி நேரம், இட்லி, கஞ்சி, பால், பால் டீக்கு 6, தாய்ப்பாலுக்கு 4, தண்ணீர், கடுங்காப்பி, பாலில்லாத டீக்கு 2. மோர் இந்தக் கடைசி வரிசையில் வராது. “6 மணி நேரம்” என்று சொல்லிக் கூட்டிக் கழிக்க விடாமல் கடிகார நேரத்தையே சீட்டில் எழுதிக் கொடுப்பது நல்லது: ‘ஆபரேஷன் 11 மணி. இட்லி, காபி அதிகாலை 5 மணியோடு சரி. தண்ணீர் 9 மணி வரை குடிக்கலாம்.’ சர்க்கரைக்கோ எடை குறையவோ வாராவாரம் செமாக்ளூடைட் ஊசி போடுகிறவர்களுக்கும், நாள்பட்ட சர்க்கரையால் இரைப்பை மந்தமானவர்களுக்கும் இந்தக் கணக்கு போதாது; முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வெறும் வயிறு என்றதும் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பிரஷருக்கான அடெனோலால், அம்லோடிபின், அப்புறம் தைராய்டு மாத்திரை எல்லாம் ஒரு மடக்குத் தண்ணீரோடு வழக்கம்போல் போட வேண்டியவை. பிரஷர் மாத்திரையிலேயே டெல்மிசார்டான் வகையைப் பெரும்பாலும் 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் மயக்கத்தில் பிரஷர் தடாலென்று இறங்கும். சர்க்கரை மாத்திரையான டாபாகிளிஃப்ளோசின் 3 நாள் முன்பே நிற்க வேண்டும். பட்டினியோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும். முதல் நாள் சாயங்காலம் போன் செய்து இதைச் சொல்லி என்ன பயன்? நேரம் தப்பிய தகவலும் ஒன்றுதான், சொல்லாத தகவலும் ஒன்றுதான்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி என்றால் எல்லோரும் கேட்பது ஆயுசுக்கும் இடுப்பு வலி வருமா என்பதை. உண்மையில் சொல்லி அனுப்ப வேண்டியது தலைவலியைப் பற்றி. எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் அடங்கும், பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள் தொடங்கும். 25, 27 கேஜ் மெல்லிய ஊசியில், அதுவும் நுனி பென்சில் போல் கூம்பியதில், அபூர்வம்தான். ஆனால் சொல்லி வைத்திருந்தால் ஆள் போன் செய்வார். சொல்லாவிட்டால் வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு கிடப்பார்.

டிராலியில் படுக்க வைத்து, பதற்றத்தைக் குறைக்கும் மிடசோலம் ஊசி போட்ட பிறகு சொல்வது எதுவும் மனதில் தங்காது, அந்த மருந்தின் குணமே அது. அதனால் 24 மணி நேரத்துக்கு வண்டி, மது, பத்திரக் கையெழுத்து கூடாது என்பதை, ராத்திரி கூட இருக்கப் போகிறவரையும் உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் எல்லா விவரமும் வேண்டியதில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய பயத்தை அளக்க 1996இல் வந்த ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் என்ற கேள்விப் படிவத்தில் கேள்விகள் மொத்தம் 6. அதில் 4 பயத்தை அளக்கும், 2 ‘எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசை’ என்பதை. ஓபியில் காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். படிவத்து டிக்கைவிட, மறுநாள் காலைப் போனில் மூன்று கேள்விகள் போதும்: கடைசியாகத் தண்ணீர் குடித்தது எத்தனை மணிக்கு, அன்று காலை எந்த மாத்திரை போட்டீர்கள், தலைவலி வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவீர்கள்?