லூயிஸ் தெருவின் செங்கல் வேஷம்: 660 ஓடு வார்த்துப் பார்த்தேன்

இங்கிலாந்தின் தென்கரை ஊரான பிரைட்டனிலிருந்து ரயிலில் கால்மணி நேரம் போனால் லூயிஸ். ஊஸ் ஆற்றுப் பாலத்தில் தொடங்கி ஸ்கூல் ஹில் வழியாக மூச்சு வாங்க ஏறும் ஹை ஸ்ட்ரீட்டில் மூன்று வருடமாக நடக்கிறேன். சிவப்புச் செங்கல் வீடுகள் என்று நினைத்துக் கடந்துபோனவற்றில் சில செங்கல் வீடே இல்லை என்று போன அக்டோபரில்தான் தெரிந்தது.

அன்று மழைக்கு ஒரு ட்விட்டனுக்குள் ஒதுங்கினேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓடும் சந்துக்கு இந்த சசெக்ஸ் வட்டாரத்தில் அதுதான் பெயர். நின்ற இடத்திலிருந்து ஒரு வீட்டின் முகப்பு ஓரமாகத் தெரிந்தது. முன்பக்கம் நூல் பிடித்த மாதிரி செங்கல் வரிகள். மூலையில், செங்கலின் கனம் தெரியவேண்டிய இடத்தில், மேலிருந்து கீழ்வரை வெள்ளை பெயிண்ட் அடித்த ஒரு மரப்பட்டி. அதைத் தாண்டிப் பக்கச் சுவரில் வெறும் சுண்ணாம்புப் பூச்சும் பழைய மரச்சட்டமும். மழை விட்ட பிறகும் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

அதற்குப் பெயர் மேத்தமேட்டிக்கல் டைல், கணித ஓடு. சுட்ட மண்ணில் செய்த ஓடுதான், ஆனால் கூரைக்கு அல்ல, சுவருக்கு. கீழ்ப்பாதி செங்கல் முகம்போலத் தடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல்பாதி மெல்லிய தகடு, அதில் ஆணி ஓட்டை. மேல்வரி ஓட்டின் தடித்த முகம் கீழ்வரித் தகட்டை மூடிவிடும். இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து வைத்து பாயிண்டிங் செய்துவிட்டால் தெருவில் நிற்பவர் கண்ணுக்குச் செங்கல் சுவர்.

18-ஆம் நூற்றாண்டில் செங்கல் முகப்புதான் நாகரிகம். இந்தத் தெருவிலோ பல வீடுகள் அதற்கு முந்தைய மரச்சட்ட வீடுகள். மேல்மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கீர் ஸ்ட்ரீட் முனையில் இருக்கும் பழைய புத்தகக் கடையைப் பார்த்தால் அந்தக் காலத்து உருவம் இன்றும் தெரியும். அப்படி நீட்டிய மாடியின் மேல் நிஜச் செங்கலை ஏற்றினால் உத்தரம் தாங்காது. ஓடு தாங்கும். இதைப் படித்தால் உடனே புரிகிறது. எனக்கு அந்தப் பாரத்தைக் கையில் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. 12-க்கு 1 அளவில் ஒரு சுவர்த்துண்டு செய்ய உட்கார்ந்தேன். 24 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், நடுவில் ஒரு ஜன்னல்.

நீளவாக்கு ஓட்டின் முகம் 19 மி.மீ., குறுக்குவாக்கு ஓட்டின் முகம் 9.5 மி.மீ. ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வரும் பிளெமிஷ் கட்டு. ஒரு வரிக்கு 16 ஓடு, 50 வரி. ஜன்னலைக் கழித்தால் சுமார் 660 ஓடுகள். மரத்துண்டில் அச்சு செதுக்கி, தானாக உலரும் களிமண்ணை அழுத்தி எடுத்தேன்.

முதல் 80 ஓடுகள் வீண். இரண்டு தவறுகள். மண் காயும்போது சுருங்கும் என்பதை அளவில் சேர்க்கவில்லை, 19 மி.மீ. முகம் 18-க்கு வந்து நின்றது. அதைவிட மோசம், மேல்தகடு மெல்லியது என்பதால் முதலில் காய்ந்து பின்பக்கம் வளைந்துகொண்டது. வளைந்த ஓடு சட்டத்தில் உட்காராது. ஆணி அடித்தால் உடைகிறது. அச்சை 20 மி.மீ.க்கு வெட்டினேன். எடுத்த ஓடுகளை இரண்டு அட்டைகளுக்கு நடுவே அடுக்கி, மேலே அரிசி டப்பாவை வைத்து இரண்டு நாள் மெதுவாகக் காயவிட்டேன். பத்தில் ஒன்பது நேராக வந்தன. சூளையில் ஆயிரக்கணக்கில் சுட்டு, ஒன்றோடொன்று பொருந்தும்படி எடுத்தவர்கள் மேல் அன்றைக்கு எனக்கு வந்த மரியாதை சாதாரணமானதல்ல.

பின்பக்கச் சட்டத்தை பைன் மரத்தில் செய்தேன். குறுக்கே ரீப்பர் மாதிரி மெல்லிய பட்டிகள், ஓட்டுக்கு ஒரு குண்டூசி. வேலை கீழிருந்து மேலே போகவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் அடியில் இருக்கும் வரியின் ஆணியை மறைக்கிறது. நான்கு வரி ஏறிய பிறகுதான் அடிவரி உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்தேன். மற்ற வரிகளுக்கெல்லாம் முகத்தின் பின்னால் கீழ் ஓட்டின் தகடு இருக்கிறது. அடிவரிக்கு அப்படி முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கழற்றி, அடியில் தகட்டின் கனத்துக்கு ஒரு குச்சியைப் பதித்த பிறகு தூக்குக்குண்டு நேராக நின்றது.

ஜன்னல்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. நிஜச் செங்கல் சுவராக இருந்தால் ஜன்னலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கலாம், சுவரின் கனம் இரு பக்கமும் நிழலாகத் தெரியும். என் சுவரில் தள்ள இடமே இல்லை. சட்டம் மெல்லியது, ஓடு அதைவிட மெல்லியது. ஜன்னல் சட்டம் சுவர் முகத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியிலேயே நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை ஹை ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஜன்னல்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். நிழல் விழாத ஜன்னல், மூலையில் மரப்பட்டி, இரண்டும் சேர்ந்திருந்தால் அங்கே நின்று உற்றுப் பார்க்கலாம். அன்று என் குறிப்பேட்டில் ஏழு வீடுகள் ஏறின.

போகிற வழியில் காசில் பிளேஸ் வாசலிலும் கொஞ்சம் நின்றேன். தூண்களின் உச்சியில் அம்மோனைட் என்ற புதைபடிவச் சிப்பியின் சுருளை வடித்த வீடு. இகுவனோடன் என்ற டைனோசருக்கு 1825-ல் பெயர் வைத்த மருத்துவர் கிடியன் மான்டெல் வாழ்ந்தது அங்கேதான். இன்னும் மேலே புல் ஹவுஸ். அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெயின் 1768 முதல் 1774 வரை கலால் அதிகாரியாக இந்த ஊரில் இருந்தபோது குடியிருந்த வீடு. அதன் மர முகப்பை யாரும் ஓடு போட்டு மூடவில்லை. மூலையில் தாங்குகட்டையாகச் செதுக்கிய சாட்டர் உருவம், கிரேக்கக் கதைகளில் வரும் பாதி மனிதன் பாதி ஆடு, இன்னும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அரசாங்கம் செங்கலுக்குப் போட்ட வரியை ஏய்க்கத்தான் கணித ஓடு வந்தது என்ற கதையைப் பல இடங்களில் கேட்டேன். நானும் முதலில் நம்பினேன். வருடங்களை வைத்துப் பார்த்தால் அது நிற்காது. செங்கலுக்கான அந்த வரி 1784-ல் வந்தது. பக்கத்து வட்டாரமான சர்ரேயில் உள்ள வெஸ்ட்காட்டில் 1724 என்று ஆண்டு பொறித்த கணித ஓட்டுச் சுவர் இருக்கிறது, வரிக்கு 60 வருடம் முந்தையது. அதோடு 1784-ல் ஓட்டுக்கும் சேர்த்தேதான் வரி போட்டார்கள். வீட்டை இடிக்காமல் புது முகம் வேண்டும் என்பதே போதுமான காரணமாக எனக்குப் படுகிறது. முழுக்கக் கட்டிக்கொள்ள வசதியில்லாதவர்களும் இருந்திருப்பார்கள்.

பாரக் கணக்கையும் எடுத்துவிட்டேன். அதே களிமண்ணில் 10 செ.மீ. சதுரத்துக்கு அரைச்செங்கல் கனத்தில் ஒரு துண்டு, அதே அளவுக்கு ஓடு போட்ட ஒரு துண்டு. சமையலறைத் தராசில் செங்கல் 140 கிராம், ஓடு 52 கிராம். இரண்டையும் கைக்கொன்றாக ஏந்தி வீட்டில் எல்லாரையும் தூக்கிப் பார்க்க வைத்தேன். என் பத்து வயது மகள் செங்கல் துண்டைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டுத் துண்டைத் திருப்பிப் பின்னால் இருந்த பட்டிகளை எண்ண ஆரம்பித்தாள்.

அவள் அப்படிச் செய்ததால்தான் சுவரின் பின்பக்கத்தை அட்டை ஒட்டி மூடும் யோசனையைக் கைவிட்டேன். இப்போது 50 வரியும் ஏறிவிட்டது. ஒரு பக்க மூலையில் மரப்பட்டி வைத்து வெள்ளை அடித்தாயிற்று. மறுபக்க மூலையைத் திறந்தே விட்டிருக்கிறேன், ஓட்டின் தகடும் குண்டூசித் தலையும் தெரியட்டும் என்று. பாயிண்டிங் பாதி முடிந்திருக்கிறது. சுண்ணாம்பைத் தண்ணீர்போலக் கரைத்துத் தூரிகையால் விட்டால் முகத்தில் வழிகிறது. கெட்டியாகக் குழைத்து, பல்குத்தும் குச்சியால் அழுத்தி, அரைமணி கழித்துத் துடைத்தால் சுத்தமாக நிற்கிறது.

அடுத்தது கறுப்பு. பிரைட்டன் ராயல் கிரசென்ட் வரிசை முழுக்கக் கறுப்பு மெருகு ஓடு, கடல்வெளிச்சம் பட்டால் தண்ணீர்போல மினுங்கும். கண்ணாடிக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்டை ஆறு ஓடுகளில் பூசி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். இரண்டு பூச்சு கொடுத்தவற்றில் அந்த மினுமினுப்பு வருகிறது, ஆனால் விளிம்பில் தேங்கிவிடுகிறது. மூன்றாவது சோதனைக்கு ஓட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தப் போகிறேன்.