பழைய மகேந்திரா ஜீப்பில் ஸ்டியரிங் ஆட்டம்: எங்கிருந்து வருகிறது என்று தேடியது

வண்டி மகேந்திரா சிஜே 3பி. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் தொடங்கி 1953 முதல் 1968 வரை வந்த உயர்ந்த பானெட் மாடல், இங்கே அதற்குப் பிறகும் பல வருடம் வந்துகொண்டிருந்தது. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வண்டி. என் கைக்கு வந்தபோது ஸ்டியரிங் வளையம் மூன்று அங்குலம் சும்மா சுற்றியது. அதன் பிறகுதான் சக்கரம் அசையும். நேர்ச்சாலையில்கூட ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டும்.

பட்டறையில் கேட்டால் முதல் பதில், “பாக்ஸ் ஸ்க்ரூவை ஒரு அரைச் சுத்து டைட் வெச்சா சரியாயிடும்ணே.” பாக்ஸ் என்றால் வளையம் சுற்றுவதை லீவரின் அசைவாக மாற்றும் ஸ்டியரிங் கியர் பெட்டி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதில் இருப்பது ராஸ் வகை பாக்ஸ்: திருகு மாதிரி ஓடும் பள்ளத்தில் லீவரின் பின்கள் உட்கார்ந்து நகரும். வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால் பள்ளம் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நடுவில் இருக்கும் ஆட்டம் போகுமட்டும் இறுக்கினால், தேயாத ஓரங்களில் பின் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. அதனால் பாக்ஸ் கடைசி என்று வைத்துக்கொண்டேன்.

சோதனை எளிது. நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும், ஜாக்கி வேண்டாம். பாரம் இருந்தால்தான் தேய்ந்த இடம் காட்டிக்கொடுக்கும். அண்ணன் மகன் மேலே உட்கார்ந்து வளையத்தை இடமும் வலமும் லேசாக ஆட்ட, நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால், ஆட்டம் அந்த மூட்டில்தான். கண்ணை நம்புவதைவிட கையை நம்புங்கள். தேய்ந்த பந்து மூட்டில் ‘டொக்’ என்று ஒரு தட்டு விரலில் தெரியும்.

பாக்ஸிலிருந்து வெளியே வரும் கையான பிட்மேன் ஆர்ம் பொருந்தும் பல்வரிசையில் (ஸ்ப்ளைன்) ஆட்டம் இல்லை. அந்தக் கையின் அசைவை முன்னே கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கின் பின்முனையில் கொஞ்சம் இருந்தது. ஸ்பிளிட் பின்னைக் கழற்றி, முனையின் பிளக்கைப் பந்தை அழுத்துமட்டும் முறுக்கி, சற்றுத் தளர்த்தி, பின்னைத் திரும்ப மாட்டியதும் நின்றது. பந்து ஒருபக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருந்தால் இது உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

பெரிய குற்றவாளி பெல் கிராங்க். வண்டிச் சட்டத்தின் (சேஸிஸ்) முன் குறுக்குக் கட்டையில் நிற்கும் இந்தத் துண்டுதான் டிராக் லிங்க் தரும் முன்பின் அசைவைப் பக்கவாட்டு அசைவாக்கி சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளான இரண்டு டை ராடுக்கும் கொடுக்கிறது. கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டியதும் கடகடவென்று ஆடியது. கழற்றினால், உள்ளே நீடில் பேரிங்கில் (ஊசி போன்ற உருளைகள் உள்ள பேரிங்) கிரீஸ் இல்லை, செம்மண் நிறத்தில் துருப்பொடி. பின்னில் ஊசிகள் அழுந்திய கோடுகள் நகத்தில் தட்டுப்பட்டன. கிரீஸ் அடிக்கும் நிப்பிள் அடைத்துப்போயிருக்கிறது, வெளியே கிரீஸ் பூசிப் பூசி யாரோ ஏமாந்திருக்கிறார்கள். பின், பேரிங், வாஷர் மூன்றும் புதிதாகப் போட்டேன். இதை மாற்றியதற்கே ஆட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அப்புறம் எதிர்பாராதது ஒன்று. பாக்ஸைப் பிடித்துப் பார்த்தபோது பாக்ஸே சட்டத்தோடு சேர்ந்து நெளிந்தது. மண்ணைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் துடைத்தால் சட்டத்தில் போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை விரிசல். பழைய ஜீப் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் இந்த இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இது அறுந்தால் வளையம் கையில் இருந்தும் பயன் இல்லை. விரிசலின் முனையில் சிறு ஓட்டை போட்டு, வெல்டு வைத்து, உள்பக்கம் தகடு கொடுத்து முடித்தாயிற்று.

அடுத்தது ஜாக்கி. முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இடதுபக்கம் ஆடியது. வீல் பேரிங்கா, சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங் பின்னா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினால் பிரியும்: ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். எனக்கு நிற்கவில்லை. இதில் மேலும் கீழும் டேப்பர் பேரிங். தேய்மானத்துக்கு ஏற்ப ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எடுக்க வேண்டும். மேலே மட்டும் எடுத்தால் சக்கரத்தின் முட்டி நடுவிலிருந்து விலகி ஆக்சில் ஜாயின்ட்டைத் தின்னும், ஆகவே மேலும் கீழும் சமமாக எடுக்க வேண்டும். அந்த வேலை இன்னும் பாக்கி.

டை ராட் எண்ட்களில் ஒன்றின் ரப்பர் கிழிந்து உள்ளே தண்ணீர் போயிருந்தது, மாற்றியாயிற்று. ராட் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன், நேராகத்தான் இருக்கிறது.

இப்போது வளையத்தில் ஒரு அங்குலத்துக்கும் குறைவான ஆட்டம். பாக்ஸ் ஸ்க்ரூவில் இன்னும் ஸ்பேனர் வைக்கவில்லை. கிங் பின் ஷிம் முடித்த பிறகு டோ-இன் (முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட நெருங்கியிருக்கும் அளவு) வைக்க வேண்டும். இந்த வண்டிக்கு 3/64 முதல் 3/32 அங்குலம் வரை. அதன் பிறகும் வளையத்தில் ஆட்டம் மிஞ்சினால் மட்டும், சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு அந்த ஸ்க்ரூ.