பழைய டாட்சனும் பெட்ரோல் நெடியும்

பழைய கார் என்றால் பெட்ரோல் நெடி அடிக்கத்தான் செய்யும் என்று என்னிடம் சொல்லாத ஆள் கிடையாது. கார் பைத்தியங்கள் சிலர் அதைப் பெருமையாகவே சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 1976இல் புத்தம் புதிதாக ஷோரூமில் நின்றபோது இந்த நெடி அடித்திருந்தால் அந்தக் காரை யார் வாங்கியிருப்பார்கள்?

கார், டாட்சன் 280 இசட். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். இந்த மாநிலத்தில் 1975 வரை வந்த பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் செக் என்ற கட்டாயப் புகைச் சோதனை கிடையாது. 1976இலிருந்து உண்டு. ஒரே ஒரு வருடம் முந்திய மாடலை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது! இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகையை அளப்பார்கள், பானெட்டைத் திறந்து எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1976 முதல் 1995 வரையிலான கார்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. பெட்ரோல் டேங்கில் மிகக் குறைந்த அழுத்தம் ஏற்றி, அது நிற்கிறதா, கசிகிறதா என்று பார்க்கிற சோதனை. என் கார் புகையில் தேறிவிட்டது, அழுத்தத்தில் ஃபெயில். வீட்டிலோ அதற்கு முன்பே தீர்ப்பு வந்திருந்தது. "என்னங்க, கோயிலுக்குப் போய்ட்டு வந்தா புடவையெல்லாம் பெட்ரோல் பங்க் வாசனை அடிக்குது. நான் இனிமே இதுல ஏற மாட்டேன்."

இந்த அமைப்பு ஏன் வந்தது என்று தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் பிடிபடும். 1960களின் கடைசி வரை காரின் பெட்ரோல் டேங்க் வெளிக்காற்றுக்குத் திறந்தே இருந்தது. வெயிலில் நின்றால் பெட்ரோல் ஆவியாகி மேலே போய்க்கொண்டே இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண் எரிய வைத்த புகைமூட்டத்துக்கு இந்த ஆவியும் வண்டிப்புகையும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுவதே காரணம் என்று கால்டெக் பல்கலைக்கழக வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950களில் காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1970 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவிலும், 1971இலிருந்து அமெரிக்கா முழுவதும் ஆவியை வெளியே விடாத அமைப்பு கட்டாயமானது.

என் காரில் அது இப்படி. டேங்கில் எழும் ஆவி முதலில், வண்டிக்குள்ளேயே வலது பின்பக்கப் பேனலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னத் தொட்டிக்குப் போகும். வளைவில் திரும்பும்போது தளும்பி வரும் பெட்ரோல் அங்கே தங்கி, திரும்ப டேங்குக்கு வடிந்துவிடும். ஆவி மட்டும் நீண்ட குழாய் வழியாக என்ஜின் பக்கம் போய், ஆக்டிவேட்டட் கார்பன் என்கிற நுண்துளைக் கரி நிரப்பிய டப்பாவில், அதாவது கேனிஸ்டரில், ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது என்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. இருப்பதெல்லாம் ரப்பர் குழாய்களும் டயஃப்ரம் என்கிற ஒரு மெல்லிய சவ்வும்தான். ஆனால் அந்த ரப்பருக்கு வயது ஏறக்குறைய ஐம்பது.

பாகம் வாங்குவதற்கு முன் நெடி எப்போது அடிக்கிறது என்று குறித்து வைக்கத் தொடங்கினேன். உண்மையில் பாதி வேலை அதிலேயே முடிந்தது. டேங்க் நிரப்பிய அன்று, வண்டி வெயிலில் நின்றால், பின்பக்கம் கடும் நெடி. கால் டேங்க் இருக்கும்போது அது குறைவு. இது பச்சைப் பெட்ரோல் நெடி, டேங்க் பக்கத்துக் குழாய்களைக் காட்டுகிறது. ஃப்ரீவேயில் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினால் வேறு மாதிரி, கொஞ்சம் எரிந்த வாடை. அது சைலன்சர் புகை. காரின் பின்புறத்தில் உண்டாகும் சுழல்காற்று அதைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. மூன்றாவதாக, மூடியைத் திறந்தால் 'புஸ்ஸ்' என்று காற்று வெளியே பாயும் சத்தம். டேங்கில் அழுத்தம் சேர்கிறது, ஆவி முன்பக்கம் போக வழியில்லை என்று அதற்கு அர்த்தம். ஆக, எல்லாம் ஒரே நோய் அல்ல. ஒன்றைச் சரிசெய்துவிட்டு, நெடி போகவில்லையே என்று பலர் கைவிடுவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் பரவும். இங்கே பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜுக்குள்தான் இருக்கும். அதைத் தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைக்கச் சொல்வதே இந்த ஆவிக்குப் பயந்துதான். நான் எல்லா வேலையையும் வெளியே டிரைவ்வேயில் செய்தேன். பேட்டரி வயரைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பின்பேனலைக் கழற்றியதும் விஷயம் கண்முன்னே இருந்தது. டேங்க் வாயிலிருந்து இறங்கும் பெரிய ரப்பர் குழாய் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போய், கிளாம்ப் ஓரத்தில் சுற்றிலும் வெடித்திருந்தது. நகத்தை விட்டால் உள்ளே போகிறது. சின்னத் தொட்டியிலிருந்து முன்பக்கம் போக வேண்டிய குழாயை முன்பு யாரோ மாற்றியிருக்கிறார்கள். போட்டது சுடுதண்ணீருக்கான ஹீட்டர் ஹோஸ். அது பெட்ரோல் ஆவிபட்டு ஊறி, பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அதைவிட மோசம், வளைவோடு வார்த்த குழாய் இருக்க வேண்டிய இடத்தில் நேர்க்குழாயை மடக்கிச் செருகியிருந்தார்கள். மடங்கிய இடத்தில் முக்கால்வாசி அடைத்துவிட்டது. முன்பக்க வழி அடைபட்டதால் ஆவி வெடித்த குழாய் வழியாக வண்டிக்குள் வந்திருக்கிறது. 'புஸ்ஸ்' சத்தத்துக்கும் புடவை வாசனைக்கும் காரணம் ஒன்றே.

குழாய் வாங்குவதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெட்ரோல் குழாய் என்று கேட்டால் கடையில் கொடுப்பது பெரும்பாலும் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரக்குறியீட்டில் 30ஆர்7 வகை. கசியாது, ஆனால் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆவி அதன் சுவர் வழியாகவே மெல்ல ஊடுருவும். இணைப்பெல்லாம் இறுக்கமாக இருந்தும் நெடி அடிக்கிறதே என்று குழம்புவோரின் வண்டியில் அநேகமாக இந்தக் குழாய்தான் இருக்கும். உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூச்சு உள்ள 30ஆர்9, அதைவிட நல்லது ஊடுருவல் குறைந்த 30ஆர்14. விலை அதிகம்தான். வண்டிக்குள் போகும் குழாய்க்கு அதில் கஞ்சத்தனம் வேண்டாம். வளைவான இடங்களுக்கு வார்த்த குழாய்தான் வேண்டும், ஒரிஜினல் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய ஜப்பானிய கார்களுக்கு என்றே ரப்பர் பாகம் வார்ப்பவர்களிடம் வாங்கினேன். கிளாம்ப்பும் ரப்பரை அறுக்காத, விளிம்பு மடித்த வகை.

தொட்டி, குழாய்கள், அவை தரைத்தகட்டைத் துளைத்து இறங்கும் இடத்து ரப்பர் வளையங்கள் எல்லாம் மாற்றிய பிறகு மூக்கை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மணிக்கணக்கில் பெட்ரோலோடு கிடந்த மூக்குக்கு எதுவும் உறைக்காது. டாட்சனின் சர்வீஸ் மேனுவலில் இதற்கு அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. கேனிஸ்டரில் சேரும் ஆவிக்குழாயைக் கழற்றி, அதில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 368 மில்லிமீட்டர் தண்ணீர் உயர அழுத்தத்துக்குக் கொண்டுவந்து அடைத்துவிட வேண்டும். இரண்டரை நிமிடத்தில் 25 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது.

368 மில்லிமீட்டர் தண்ணீர் என்பது அரை பிஎஸ்ஐ-தான். டயர் கேஜில் அது முள்ளையே அசைக்காது. கம்ப்ரஸரை டேங்கில் மாட்டவே கூடாது. ஒரு பலகையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை 'ப' வடிவில் வளைத்து அடித்து, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி, தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கலந்து ஊற்றினேன். காற்றுக்கு, வீட்டில் கிடந்த ரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் பந்து. அதில் ஒருவழி வால்வும் திருகும் இருப்பதால் வேலைக்குக் கச்சிதம். விடியற்காலையில் செய்வது நல்லது. வெயில் ஏறினால் டேங்கில் ஆவி பெருகி, கசிவு இருந்தாலும் தண்ணீர் இறங்காமல் ஏமாற்றும்.

ஆரஞ்சுத் தண்ணீர் ஏறி நின்றது, அப்புறம் நிதானமாக இறங்க ஆரம்பித்தது. எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தேன். புதுக் குழாய் எதிலும் குமிழி இல்லை. கடைசியில் பார்த்தால் டேங்க் மூடி! அதன் ஓரத்தில் பொடிப் பொடியாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. இந்த மூடியில் உள்ள வால்வு டேங்குக்குள் வெற்றிடம் உண்டானால் வெளிக்காற்றை உள்ளே விடும், உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடாது. வால்வு நன்றாகவே இருந்தது, மூடியின் ரப்பர் வளையம்தான் தட்டையாகிச் செத்துப்போயிருந்தது. மூடியை மாற்றியதும் தண்ணீர்க்கோடு ஆணி அடித்தது போல நின்றது.

அடுத்து கேனிஸ்டர். அடிப்பக்க ஃபில்டர் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. மேலே உள்ள வால்வில் கை வேக்குவம் பம்ப்பை மாட்டினால் முள் நிற்கவில்லை, டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. என்ஜின் சும்மா ஓடும் ஐடிலில் மூடியிருந்து, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திறந்து, சேர்ந்த ஆவியை என்ஜினுக்கு விடுவது அதன் வேலை. அது கெட்டால் கார்பன் நிரம்பிப்போய் மேற்கொண்டு பிடிக்காது, அடிவழியாக ஆவி வெளியே வரும். கூடவே கிழிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று என்ஜினுக்குள் போய், ஐடிலும் தடுமாறும்.

உள்ளே இருக்கும் கரியை மட்டும் மாற்றலாமா என்றும் யோசித்தேன். காங்கேயத்தில் இருக்கும் மச்சான், "மாப்ள, இங்க தேங்காத் தொட்டிக்கரியில ஆக்டிவேட்டட் கார்பன் மூட்டை மூட்டையா போடறாங்க, அனுப்பி வைக்கட்டுமா?" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தேங்காய்த் தொட்டிக் கார்பனின் துளைகள் மிக நுண்ணியவை. தண்ணீர் சுத்திகரிக்க அருமை, பெட்ரோல் ஆவியையும் பிடிக்கும், ஆனால் பிடித்ததை எளிதில் விடாது. கார் கேனிஸ்டருக்குப் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்த, துளை சற்றுப் பெரிய கார்பனைத்தான் போடுகிறார்கள். கடைசியில் வால்வு நன்றாக உள்ள பழைய ஒரிஜினல் கேனிஸ்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து, புது ஃபில்டர் போட்டு மாட்டினேன். ஸ்மாக் செக்கில் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பார்கள் என்பதால் தோற்றமும் ஒரிஜினலாக இருப்பது நல்லது.

ஃப்ரீவே வாடைக்கு மருந்து வேறு. பின்கதவில் காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், கீழ் ஓரத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. இரவில் வண்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு வெளியே நின்று பார்த்தால், டெயில் லைட்டைச் சுற்றி வெளிச்சம் கோடு போட்டது. வெளிச்சம் போகும் வழியில் புகையும் வரும். அந்தப் புகையில் வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் உண்டு என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கதவு ரப்பரும் டெயில் லைட் கேஸ்கெட்டும் மாற்றினேன். இரண்டும் சுலபமான வேலைதான்.

மறுபடி ஸ்மாக் செக்குக்குப் போனபோது அழுத்தச் சோதனையிலும் தேறியது. நன்றாக வெயில் அடிக்கும் நாளில் என்ஜின் பக்கம் மட்டும் இன்னும் லேசாக நெடி இருக்கிறது. அது என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் பழைய குழாய்களிலிருந்து வருகிறது, குளிர்காலத்தில் அவற்றையும் மாற்றப்போகிறேன். அதுவரை பெட்ரோல் போடும்போது பம்ப் 'டக்' என்று நின்றதும் நானும் நிறுத்திவிடுகிறேன். கணக்கை முழு டாலராக்க மேலும் இரண்டு தடவை அமுக்கினால், திரவப் பெட்ரோலே குழாய் வழியாக முன்பக்கம் போய்க் கேனிஸ்டரை ஊறவைத்துவிடும்.