அண்ணாச்சி கடைத் தராசில் ஒரு மடிக்கணினி

மாதத்தில் இரண்டு முறையாவது வைகை எக்ஸ்பிரஸில் மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்வருகிறவன் நான். பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும், பழைய நூல்களின் கோப்புகளை மறுபதிப்புக்காகச் சீர்செய்து கொடுப்பதும் என் தொழில் என்பதால், ஏழு மணி நேரத்துக்கும் மேலாக நீளும் அந்தப் பகல் பயணம் எனக்கு ஒரு முழு வேலை நாள். 2017இல் வாங்கிய 15.6 அங்குல மடிக்கணினியை வைத்துக்கொண்டு எப்படியோ காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திண்டுக்கல் தாண்டியதும் முன்னிருக்கையில் இருந்த பெரியவர் இருக்கையைச் சாய்க்க, என் திரையின் மேல்விளிம்பு அந்த இருக்கையின் முதுகில் மாட்டிக்கொண்டு வில்லாக வளைந்தது. "ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்று நான் கத்திய கத்தலில் அவர்தான் பாவம் பதறிப்போனார். திரை உடையவில்லை. ஆனால் சிறியதாக, எடை குறைந்ததாக ஒன்றை வாங்கியே தீருவது என்று விழுப்புரம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

கடைகளுக்குப் போவதற்கு முன்னால், தோளில் உண்மையில் எவ்வளவு சுமக்கிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இருக்கிறது. பையைக் கொண்டுபோய் ஒவ்வொரு பொருளாக அதில் வைத்தேன். "கிலோ என்ன விலைக்குப் போடுறீங்க சார்?" என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கேட்டார். கணினி 2 கிலோ 190 கிராம், மூன்று முனைச் செருகியும் கனத்த வயருமாக அதன் அடாப்டர் 460, வெளி வன்தட்டு 230, மௌஸ் 90, ஒன்றுமில்லாத வெறும் பை 850. ஆகமொத்தம் 3 கிலோ 820 கிராம். இதில் கணினியின் பங்கு பாதியைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போடுகிற எடையில் அடாப்டர் சேர்வதில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் தராசின் எண்களைப் பார்க்கும்வரை அது மனத்தில் தைக்கவில்லை.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து உருவிக் காட்டிய முதல் மேக்புக் ஏரின் எடை 1.36 கிலோ. இன்றைய 13 அங்குல ஏர் 1.24 கிலோ. லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 1.1 கிலோவை ஒட்டி நிற்கிறது. எல்ஜி கிராம் வரிசையில் 17 அங்குலத் திரையுடைய கணினியே 1.35 கிலோதான். ஆகவே இலேசான கணினி என்பது இப்போது அபூர்வப் பொருள் இல்லை. ஆனால் 1.4 கிலோவிலிருந்து 1.2 கிலோவுக்கும், அங்கிருந்து 1 கிலோவுக்கும் இறங்க இறங்க விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இந்த 200 கிராம் என்பது ஒரு டம்ளர் தண்ணீரின் எடை. அதற்குப் பல ஆயிரங்களைக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் வெறும் பையே 850 கிராம் என்பது நினைவுக்கு வந்தது. சில நூறு ரூபாயில் 480 கிராமில் ஒரு பை கிடைத்தது. கணினியை வாங்குவதற்கு முன்பே 370 கிராம் குறைந்துவிட்டது.

எடையைக் குறைக்கப் பலர் கையாளும் வழி, உடற்கூட்டை மெக்னீசியக் கலவையில் செய்வது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம் என்றால், அதே அளவு மெக்னீசியம் 1.74 கிராம்தான். இத்தகைய கணினியைக் கடையில் கையில் எடுத்தால் பிளாஸ்டிக் போலத் தோன்றும், விசைப்பலகையின் நடுவில் அழுத்தினால் சற்று அமுங்கும். அதைப் பார்த்து மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அலுமினியத்தின் திண்மை கைக்கு நன்றாக இருக்கிறது, தோளுக்கு அவ்வளவாக இல்லை.

அடுத்தது சார்ஜர். யூஎஸ்பி-சி வழியாக மின்னேற்றம் செய்ய முடியாத கணினி எதுவாக இருந்தாலும் என் பட்டியலில் இடமில்லை என்று வைத்துக்கொண்டேன். காலியம் நைட்ரைடு வகை 65 வாட் சார்ஜர் ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. கேபிளோடு சேர்த்து எனக்கு 210 கிராம் வந்தது. கைபேசிக்கும் அதுவே போதும். இதில் ஏமாறக்கூடிய இடம் கேபிள்தான். சாதாரண சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சில்லு பதித்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ரயில் பெட்டிகளில் சார்ஜருக்கு வருவது 110 வோல்ட் என்பதைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள். சார்ஜரின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. உண்மையான தொல்லை வேறு: பலர் செருகிச் செருகித் தளர்ந்துபோன அந்தத் துளைகளில் கனமான சார்ஜர் நிற்காது, வண்டி தண்டவாளம் மாறும்போது தொப்பென்று விழும். இலேசான சார்ஜருக்கு இது இன்னொரு நியாயம்.

பேட்டரி விஷயத்தில் "18 மணி நேரம்" போன்ற அறிவிப்புகளை நான் கண்டுகொள்வதே இல்லை. பெரும்பாலும் திரையின் வெளிச்சத்தைத் தாழ்த்தி, கணினிக்குள்ளேயே இருக்கும் காணொளி ஒன்றை ஓடவிட்டு அளந்த கணக்கு அது. பார்க்க வேண்டிய எண் வாட்-மணி, அதாவது பேட்டரி கொள்ளும் மின்னாற்றலின் அளவு. நம் வேலைக்கு எத்தனை வாட் செலவாகிறது என்று தெரிந்தால் மீதி வெறும் வகுத்தல் கணக்கு. நான் வாங்கிய கணினியின் பேட்டரி 70 வாட்-மணி. சொற்செயலி, மெய்ப்பு பார்க்கும் பிடிஎஃப், ஐந்தாறு இணையப் பக்கங்கள் ஆகியவற்றோடு ஒரு மணி நேரத்தில் 11 விழுக்காடு இறங்குகிறது. ஆக, ஏறக்குறைய 8 வாட். ஒன்பது மணி நேரம் தாங்கும். ஆனால் லித்தியம் அயனி பேட்டரி மூப்படையும் பொருள். அதன் கொள்ளளவு 80 விழுக்காடாகக் குறைந்த பிறகும் 56 வாட்-மணி மிஞ்சும், ஏழு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே ஓடும், எழும்பூர் வந்துவிடும். இதே கணக்கில் 60 வாட்-மணி பேட்டரி முதல் ஆண்டில் போதும், மூன்றாம் ஆண்டில் போதாது. எடைக்காக பேட்டரியைச் சிறிதாக்கிய கணினியை வாங்கிவிட்டு, அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு பவர் பேங்கையும் சுமப்பது இரட்டைச் செலவு. விமானத்தில் செல்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும், 100 வாட்-மணிக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பது 74 வாட்-மணிதான் என்பதால் அது தப்பித்துவிடும்.

திரையைச் சிறிதாக்கினால் மெய்ப்பு பார்க்கக் கண் வலிக்குமே என்ற அச்சம்தான் இத்தனை ஆண்டுகள் என்னைத் தடுத்தது. அளவுநாடாவை எடுத்தபோது அச்சம் அகன்றது. பழைய 15.6 அங்குலத் திரை 16:9 விகிதம், உயரம் 19.4 செ.மீ. இப்போது பரவலாகிவிட்ட 16:10 விகிதத்தில் 14 அங்குலத் திரையின் உயரம் 18.8 செ.மீ. குறைவது அரை சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைவது அகலத்தில்தான், பக்கம் பக்கமாகப் படிக்கிற எனக்கு அந்த அகலம் பயன்பட்டதே இல்லை. ஓஎல்இடி திரைகளின் கருமையும் வண்ணமும் கடையில் கண்ணைப் பறித்தன. ஆயினும் அந்த வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் வெண்மைக்குத்தான் மின்சாரம் அதிகம் செலவாகும், என் திரையிலோ நாள் முழுக்க வெள்ளைத் தாள். அதோடு அவற்றில் பெரும்பாலானவை பளபளப்பானவை, சன்னலோர இருக்கையில் என் முகமே எனக்குத் தெரியும். எனவே 400 நிட் வெளிச்சம் தரும், பளபளப்பில்லாத ஐபிஎஸ் திரையைத் தேர்ந்தேன். திரைப்படம் பார்ப்பவர்கள் இதற்கு நேர்மாறாக முடிவெடுத்தால் அதுவும் சரியே.

விசைப்பலகையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் எவரும் சொல்லாத ஒன்று உண்டு. தமிழ் 99 முறையில் தட்டச்சு செய்பவர்களுக்கு ச, ஞ ஆகிய எழுத்துகள் பகர அடைப்புக் குறிகளின் விசைகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளியில், ய மேற்கோள் குறியில், ழ சாய்கோட்டில். எல்லாம் வலப்பக்க ஓரம். உடலைக் குறுக்கிய சில சிறிய கணினிகளில் இடம் போதாமல் நசுக்கப்படுவது இந்த வலப்பக்க விசைகள்தாம். ஆங்கிலத்தில் எப்போதாவது தொடுகிற விசைகள் என்பதால் மற்றவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. நமக்கோ "நியாயம்" என்று அடிப்பதற்குள் விரல் மூன்று முறை தடுக்கும். ஆகையால் கடையில் நின்றபடியே தமிழ் 99ஐ இயக்கி (விண்டோஸிலும் மேக்கிலும் அது உள்ளேயே இருக்கிறது) இரண்டு பத்தி அடித்துப் பார்த்தேன். விற்பனையாளர் பொறுமையான பிள்ளை, நாற்காலி கொண்டுவந்து போட்டார். எடையில் எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு 13 அங்குலக் கணினி இந்தச் சோதனையில்தான் தோற்றது.

இனி, எந்தச் செயலி (ப்ராசசர்), எந்த இயங்குதளம் என்னும் கேள்வி. என் தங்கை மகள் கல்லூரியில் படிக்கிறாள். "மாமா, பேசாம மேக்புக் ஏர் வாங்குங்க" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. விசிறி இல்லாததால் சத்தமே இல்லை, பேட்டரி நாள் முழுக்க நிற்கும், 2024 அக்டோபர் முதல் அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி நினைவகம் தருகிறார்கள். வேறு தொழிலில் இருந்திருந்தால் அதையே வாங்கியிருப்பேன். ஆனால் தமிழ்ப் பதிப்புலகின் பழைய சரக்கு முழுவதும் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கிறது. 2001இல் வந்த 7.0தான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. மேக்குக்கான அதன் வடிவம் அந்தக் காலத்து மேக் இயங்குதளத்தோடு முடிந்துபோனது. இன்றும் ஒரு நூலை மறுபதிப்புச் செய்ய வேண்டுமென்றால், பழைய கோப்பைத் திறந்து, ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய குறியேற்றத்தில் இருக்கும் எழுத்துருவை இனங்கண்டு, உரையை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே இன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்குக் கொண்டுபோக முடியும். விண்டோஸ் 11இல் சற்று மல்லுக்கட்டினால் பேஜ்மேக்கர் ஓடுகிறது. என்னிடம் உள்ள எழுத்துருத் தொகுப்பு ஒன்றோ, யூஎஸ்பி துளையில் டாங்கிள் என்னும் சிறு உரிமச் சாவியைச் செருகினால்தான் கதவையே திறக்கும்.

இதே டாங்கிள்தான் 2024 நடுவில் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் செயலி கொண்ட கணினிகளையும் விலக்க வைத்தது. அவையும் இலேசானவை, பேட்டரியில் சிறந்தவை, இயங்குவதும் விண்டோஸில்தான். ஆனால் உள்ளே இருப்பது இன்டெல், ஏஎம்டி செயலிகளிலிருந்து வேறுபட்ட ஆர்ம் கட்டமைப்பு. பழைய மென்பொருள்களை அது மொழிபெயர்த்து ஓட்டிவிடும், சாதனங்களை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள்களை அப்படி ஓட்ட முடியாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் டாங்கிளும், பழைய அச்சுப்பொறியும், ஸ்கேனரும் வெறும் பிளாஸ்டிக். ஆகவே இன்டெல், ஏஎம்டி என்ற பழைய வழியிலேயே நின்றேன். செயலியின் வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இன்றைய இடைநிலைச் செயலிகள் எவையும் மெய்ப்பு பார்க்கப் போதுமானவை.

நினைவகத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய கணினிகள் பெரும்பாலானவற்றில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டு வருகிறது, பிறகு கூட்ட வழியில்லை. 600 பக்க ஸ்கேன் பிரதி ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு 8 ஜிபியில் திணறிய அனுபவம் எனக்குப் போதும், 16 ஜிபி வாங்கினேன். சேமிப்பகத்தைப் பல மாடல்களில் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் 512 ஜிபியோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் வாங்கியதன் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம், மாடல் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடுகின்றன என்பதே. 14 அங்குலம், 1 கிலோ 270 கிராம். புது சார்ஜர், புதுப் பை, வன்தட்டுக்குப் பதிலாக 60 கிராமில் ஒரு எஸ்எஸ்டி, அதே பழைய மௌஸ் எல்லாவற்றையும் அண்ணாச்சி தராசில் மறுபடியும் வைத்தபோது 2 கிலோ 110 கிராம் காட்டியது. குறைந்த 1 கிலோ 710 கிராமில் கணினியின் பங்கு 920 கிராம். மீதி, பையாலும் சார்ஜராலும் வன்தட்டாலும் குறைந்தது.

முதல் வாரத்தில் இரண்டு விஷயங்கள் என்னைத் திடுக்கிட வைத்தன. மின்னேற்றும்போது உலோக உடலில் கை பட்டால் மெல்லச் சுரீரென்றது. இரு முனைச் சார்ஜர்களில் எர்த் இணைப்பு இல்லாததால், குறுக்கீட்டை வடிகட்ட உள்ளே வைத்திருக்கும் மின்தேக்கி வழியாக மிக நுண்ணிய மின்னோட்டம் கசிவதால் வரும் உணர்வு அது. தரமான சார்ஜரில் இதனால் ஆபத்தில்லை, ஆனாலும் வீட்டில் எர்த் உள்ள மூன்று முனைச் சார்ஜரையே பயன்படுத்துகிறேன். இரண்டாவது, மூடிப் பையில் வைத்த கணினி தாம்பரத்தில் எடுத்தபோது அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் போலச் சுட்டது. புதிய விண்டோஸ் கணினிகள் மூடிய பிறகும் கைபேசியைப் போல அரைத் தூக்கத்தில் இருந்து, அவ்வப்போது விழித்து இணையத்தைத் தேடுகின்றன. மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி, அதாவது முழு உறக்கத்துக்குப் போகும்படி அமைப்பை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

டாங்கிள் மட்டும் இன்னும் இடப்பக்கம் ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தேநீர் விற்பவர் நடைபாதையில் வரும் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.