ஊக்க உரைக்குப் பதிலாக ஒரு பழைய பம்பு

"மேடம், பிள்ளைகளுக்கு ஊக்கமா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க." எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெண், மெக்கானிக்கல் இன்ஜினியர், அரசுப் பள்ளியில் படித்தவள். இது போதாதா? பிப்ரவரி மாதம் அறிவியல் தினம் நெருங்கினால் சுற்று வட்டாரத் தலைமையாசிரியர்களுக்கு என் நம்பர் ஞாபகம் வந்துவிடும். எனக்கும் போகப் பிடிக்கும். ஆனால் ஊக்க உரையில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் பார்த்தவரை பிள்ளைகளிடம் கனவுக்குப் பஞ்சமே கிடையாது. எட்டாம் வகுப்பில் போய் "பெரியவங்களாகி என்ன ஆகப் போறீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் இஸ்ரோ என்பார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அதே கேள்வியைப் பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். சத்தம் அடங்கிவிடும். "மார்க் வரட்டும் மேடம்", "அப்பாதான் முடிவு பண்ணுவாரு". ராக்கெட் விட்ட வாயெல்லாம் எங்கே போனது? கனவு காணச் சொன்னால் அது திரும்பி வந்துவிடுமா?

எல்லாப் பள்ளிச் சுவரிலும் கலாம் இருக்கிறார், கனவைப் பற்றிய வாசகத்தோடு. அவருக்குச் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர இடம் கிடைத்தபோது கட்டணம் கட்ட வீட்டில் பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் அவரைச் சேர்த்தார். எந்தச் சுவரிலும் இதை எழுதி நான் பார்த்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வளையல் கதைதான் உடனே புரியும், ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் ஜூன் மாதம் அதே பேச்சுதான் ஓடும்.

அதனால் நான் மைக்கைப் பிடிப்பதில்லை. ஒரு பம்பை எடுத்துப் போகிறேன். அரை ஹெச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது), ஸ்கிராப்புக்குப் போக இருந்தது. வெளிக்கூடான கேசிங்கைப் பாதியாக அறுத்து, உள்ளே சுற்றும் சக்கரமான இம்பெல்லர் தெரிகிற மாதிரி செய்து வைத்திருக்கிறேன். மேஜைமேல் வைத்தவுடன் பின் பெஞ்சு முதலில் எழுந்து வரும். பொள்ளாச்சி, சூலூர், அன்னூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பம்பு புதிதல்ல, அதன் வயிற்றைத்தான் பார்த்ததில்லை.

"மோட்டார் ஓடுது, தண்ணி வரலை. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பேன். கை தூக்காத ஆளே இருக்காது. "ஃபுட் வால்வுல சருகு மாட்டியிருக்குங்க." (குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு அது.) "காத்து வாங்கியிருக்கும்." "மேல தண்ணி ஊத்தணும் மேடம்." அறிவியலில் நாற்பது மார்க் எடுக்கும் பையன்தான் பெரும்பாலும் முதலில் சொல்வான். சரி, ஏன் தண்ணி ஊற்ற வேண்டும்? இங்கேதான் வகுப்பு அமைதியாகும்.

இம்பெல்லர் சுற்றும்போது உள்ளே இருப்பதை வெளிப்பக்கமாக வீசி எறிகிறது. எறிந்த இடத்தில், அதாவது நடுவில், அழுத்தம் குறைகிறது. கிணற்றில் இருக்கும் தண்ணீரை வெளிக்காற்று அழுத்தி அந்த இடத்துக்கு ஏற்றிவிடுகிறது. உள்ளே தண்ணீருக்குப் பதில் காற்று இருந்தால்? காற்று தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு லேசு. அதை வீசி எறிந்து பெரிய அழுத்தக் குறைவை உண்டாக்க முடியாது. பம்பு சும்மா சுற்றும், தண்ணீர் ஏறாது. பம்பு தண்ணீரை உறிஞ்சுவதில்லை, காற்றுதான் கீழிருந்து தள்ளுகிறது என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

நம்ப வைக்க அவர்கள் பாடப்புத்தகமே போதும். காற்றழுத்தம் 76 செ.மீ. பாதரசம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஒருவரைக் கூப்பிட்டுப் போர்டில் பெருக்கச் சொல்வேன். 1033 செ.மீ. வரும், அதாவது 10.3 மீட்டர், சுமார் 34 அடி. காற்றால் தண்ணீரை அதற்கு மேல் தள்ள முடியாது. நடைமுறையில் குழாய் உராய்வு, கசிவு எல்லாம் போக 22, 25 அடி கிடைத்தாலே பெரிய விஷயம். "உங்க தாத்தா காலத்துக் கிணத்துல மோட்டாரை ஏன் பாதி ஆழத்துக்கு இறக்கி, மேடை கட்டி வச்சிருக்காங்க?" என்று அப்போது கேட்டால் போதும். வீட்டுக் கிணறு கண் முன்னால் வந்துவிடும். இன்று ஆயிரம் அடி போர்வெல்லுக்கு மோட்டாரையே தண்ணீருக்குள் இறக்குவது ஏன் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு தடவை பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "ஏனுங்க மேடம், அப்போ ஊட்டியில?"

நான் பதில் சொல்லவில்லை, நீயே சொல் என்றேன். "அங்க காத்து கம்மி. அப்போ தண்ணி இன்னும் கம்மியாத்தான ஏறும்?" சரியாகத்தான் சொன்னாள். 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் அந்த 10.3 மீட்டர் ஏறக்குறைய 8 ஆகிவிடும். புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. நாங்கள் ஆபீசில் மலைப்பகுதிக்குப் பம்பு தேர்வு செய்யும்போது போடும் கணக்கு இது. அன்று அவளிடம் அதைச் சொன்னேன். மற்றபடி விண்வெளி, வல்லரசு என்று எதுவும் பேசவில்லை.

நேரம் இருந்தால் குழாய்க் கணக்கும் உண்டு. இரண்டரை அங்குலக் குழாய்க்குப் பதில் காசு மிச்சம் என்று இரண்டு அங்குலம் போட்டால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகும். "எங்கப்பா அப்படித்தான் போட்டிருக்காரு" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்வேன்.

அப்புறம் ஊர்க்கதை. கோவைக்குப் பக்கத்தில் கலங்கலில் பிறந்து, பள்ளிப் படிப்பையே முடிக்காத ஜி.டி.நாயுடு ஒரு மோட்டார் பைக்கை வாங்கிப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியே இயந்திரம் கற்றவர். 1937இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கேதான் செய்தார்கள். 1945இல் அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஜி.டி.நாயுடு ஒரு பொறியியல் கல்லூரி தொடங்க முன்நின்றார், முதல்வராகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்று வாதாடி, அரசு கேட்காததால் விலகிவிட்டார். (என் கல்லூரி நாட்களில் சில பேப்பர்களைப் படிக்கும்போது அவர் சொன்னது சரிதான் என்று தோன்றியதுண்டு.) அந்தக் கல்லூரிதான் இன்று தடாகம் ரோட்டில் இருக்கும் ஜி.சி.டி., அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, ரிசாட்-1 ரேடார் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் அரியலூர் வளர்மதி இருவரும் அங்கே படித்தவர்கள். தடாகம் ரோட்டுக்கு எந்த பஸ் போகும் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால்தான் நாசாவை விட்டுவிட்டு ஜி.சி.டி. கதையைச் சொல்கிறேன்.

கடைசி அரை மணி நேரம் படிவமும் பணமும். பல ஆசிரியர்களுக்கே இதில் குழப்பம் இருக்கிறது. பத்தாவது முடித்து மூன்று வருஷ டிப்ளமோ படித்தால் பி.இ. நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், நான் வந்த வழி அதுதான். "டிப்ளமோவா?" என்று உதட்டைப் பிதுக்குபவர்களிடம் சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேலும் டிப்ளமோ மெக்கானிக்கலில் தொடங்கியவர்தான் என்பேன். பன்னிரண்டாவது வழியாக வந்தால் பி.இ. சேர்க்கைக்குக் கணக்கிடும் கட்‌ஆஃப் 200க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளிப் பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இன்ஜினியரிங் வேண்டாம், அறிவியல்தான் வேண்டும் என்றால் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். கணக்குப் பைத்தியங்களுக்குச் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம். இவற்றுக்கெல்லாம் தனி நுழைவுத் தேர்வு. பொதுத்தேர்வு முடிவு வருகிறபோது விண்ணப்பத் தேதி பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். எத்தனை நல்ல மூளைகளை நாம் இந்தத் தேதியிலேயே இழக்கிறோமோ, நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

வெளியே வரும்போது கேட்டில் யாராவது ஓர் அப்பா காத்திருப்பார். "ஏனுங்கம்மா, பொண்ணுக்கு மெக்கானிக்கல் எல்லாம் ஒத்து வருமாங்க? கம்ப்யூட்டர் எடுத்தா ஏசியில உக்காந்துக்கலாம்னு சொல்றாங்க." நான் மழுப்புவதில்லை. ஷாப் ஃப்ளோரில், அதாவது மெஷின் ஓடும் இடத்தில், சத்தம் இருக்கும், கையில் ஆயில் ஒட்டும். நான் முதலில் வேலை கேட்டுப் போன ஓர் இடத்தில் "லேடீஸ் எடுக்கிறதில்லைம்மா" என்று பயோடேட்டாவைத் திறக்காமலே திருப்பித் தந்தார்கள். என்னோடு படித்து ஐ.டி.க்குப் போனவர்கள் இன்று என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். இதையெல்லாம் மறைத்து ஆள் பிடிக்க நான் கல்லூரி ஏஜென்ட் இல்லை. "உங்க பொண்ணு அந்தப் பம்புகிட்டயே எவ்வளவு நேரம் நின்னாள்னு பார்த்தீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்பேன். சில பேர் சிரிப்பார்கள். சில பேர் நம்பர் வாங்கிக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் குழாய் அளவைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் சண்டை போட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் பட்டறை வைத்திருப்பவர்கள், கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஸ்கிராப்புக்குப் போகும் பம்பு, கியர்பாக்ஸ், கம்ப்ரசர் எதுவானாலும் ஒன்றை எடுத்து வையுங்கள். பேண்ட்சாவில் (இரும்பு அறுக்கும் மெஷின்) அரை மணி நேர வேலை. அறுத்த விளிம்பைக் கட்டாயம் ராவி மழுக்கிவிடுங்கள், பிள்ளைகள் முதலில் விரலைத்தான் உள்ளே விடுவார்கள். வெட்டுமுகத்துக்குச் சிவப்புப் பெயின்ட், தண்ணீர் போகும் பாதைக்கு நீலம் அடித்தால் பின் பெஞ்சு வரை தெரியும். இம்பெல்லரைக் கையால் சுற்றினால் சுற்ற வேண்டும், பெயின்ட் ஒட்டி இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கொடுக்கும்போது பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.