கொத்தமல்லித் தண்ணியை எந்தக் கட்டத்தில் போடுவது? பாரம்பரிய மருத்துவம் பற்றி ஆய்வு செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்கு

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் காலம் வந்தால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் சிலராவது இந்த இடத்தில் வந்து நிற்பார்கள்: "சுகாதாரத் துறை மாணவர்களிடையே பாரம்பரிய, துணை மருத்துவப் பயன்பாடு." காரணம் தெரிந்ததுதான். ஆய்வுகூடம் வேண்டாம், யாரிடமும் இரத்தம் எடுக்கத் தேவையில்லை, பதில் தருபவர்கள் பக்கத்து வகுப்பிலேயே இருக்கிறார்கள். மட்டக்களப்பில் தாதியப் பட்டப்படிப்புப் படித்தபோது நானும் இதைத்தான் எடுத்தேன். பிறகு எனக்குப் பின்னால் வந்த சிலரின் வினாக்கொத்துகளைப் பார்த்துத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைப்பில் வரும் மாணவர் ஆய்வுகள் அநேகமாக "இத்தனை வீதமானோர் பாவிக்கிறார்கள்" என்ற இடத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த வீதத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? நாளைக்கு வார்டில் நிற்கப்போகும் பிள்ளை கொத்தமல்லி குடிக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயமில்லை. நோயாளி வீட்டில் எதை அவித்துக் குடிக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தெரியுமா, கேட்கும்போது நோயாளியின் வாயை அடைக்காமல் கேட்கத் தெரியுமா, இதுதான் கல்வி சம்பந்தப்பட்ட கேள்வி. உங்கள் ஆய்வு மருத்துவக் கல்வி பற்றியது என்றால் அதை அளக்க வேண்டும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் டேவிட் ஐசன்பர்க் குழுவினர் 1990 இல் 1,539 பேரிடம் தொலைபேசியில் கேட்டு, 1993 இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மூன்றில் ஒருவர் ஏதோவொரு மாற்று முறையைப் பாவித்திருந்தார் என்பதைத்தான் அதிலிருந்து எடுத்து எழுதுவார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. பாவித்தவர்களில் 72 வீதமானோர் அதைத் தங்கள் டொக்டரிடம் சொல்லவில்லை. எனக்கு அந்த 72 தான் முக்கியம்.

எங்கள் ஊர்க் கிளினிக்குகளில் இதைத் தினமும் பார்க்கலாம். "வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டால், "ஒண்டும் இல்ல மகள்" என்று பதில் வரும். பொய் சொல்லவில்லை. அவருக்கு மருந்து என்றால் வெள்ளைக் கடதாசிப் பையில் வருவது. கொஞ்சம் உட்கார்ந்து, "விடிய எழும்பினா முதல்ல என்ன குடிப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயம் ஊறிய தண்ணீர், பரியாரியார் கொடுத்த சூரணம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். சீனி வருத்தக்காரர் கிளிக்லசைட் குளிசையோடு பாகற்காய்ச் சாறும் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர் உள்ளிக் குளிசையும் சேர்த்து எடுத்தால் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடலாம். கேட்காவிட்டால் தெரியவராது.

சரி, இதை வினாக்கொத்தில் எப்படி அளப்பது? "நோயாளியிடம் பாரம்பரிய மருத்துவம் பற்றிக் கேட்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆம்" என்பார்கள். எது சரியான பதில் என்று பரீட்சை எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு உடனே தெரியும். ஆகவே ஒரு சிறு நோயாளிக் கதை கொடுங்கள். 58 வயது அம்மா, நீரிழிவு, ஒழுங்காகக் குளிசை எடுக்கிறார், இரண்டு கிழமையாகக் காலையில் வியர்வையும் தலைச்சுற்றும். "இவரிடம் நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளை எழுதுங்கள்." அவ்வளவுதான். கதையில் பாகற்காய் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. மாணவர் தானாக வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்டாரா, கேட்டால் எது, எவ்வளவு, எப்போதிருந்து, குளிசையை நிறுத்திவிட்டா அல்லது சேர்த்தா என்று தொடர்ந்தாரா என்பதற்குப் புள்ளி போடுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் புள்ளியிட்டு, அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா என்ற அளவைக் கணக்கிட்டால் வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், யாரும் அசைக்க முடியாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கதை வினாக்கொத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டும். "கடந்த 12 மாதத்தில் கைமருந்து பாவித்தீர்களா" என்று மூன்று பக்கம் கேட்டுவிட்டுக் கடைசியில் கதையைக் கொடுத்தால், எல்லோரும் கைமருந்து பற்றி எழுதுவார்கள். அதைவிட மோசம், தகவல் தாளின் தலைப்பிலேயே உங்கள் நோக்கம் அச்சாகியிருக்கும். ஆகவே தகவல் தாளில் "நோயாளி வரலாறு கேட்டலும் சுகாதாரப் பழக்கங்களும்" என்பது போன்ற பொதுத் தலைப்பு வைக்க அனுமதி கேட்க வேண்டும். முழு நோக்கத்தைப் பதில் தந்த பிறகு விளக்கிச் சொல்லப்போவதாகவும், அதன் பிறகும் ஒருவர் விலகலாம் என்றும் முன்மொழிவிலேயே எழுதுங்கள். ஒழுக்கவியல் மீளாய்வுக் குழு நிச்சயம் இதைக் கேள்வி கேட்கும். கேட்பது அவர்கள் வேலை. நியாயத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒரு திருத்தத்தோடு முடியும், எழுதாதவர்களுக்கு மாதக்கணக்கில் இழுபடும். அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் ஒரு வினாக்கொத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். பின்திகதியிட்டு அனுமதி என்று ஒன்று கிடையாது.

பயன்பாட்டை அளக்கும் பகுதியையும் விட்டுவிட முடியாது. அதற்கு ஆயத்தமான கருவிகள் இருக்கின்றன. 2009 இல் வெளியான ஐ-கேம்-கியூ என்ற சர்வதேச வினாக்கொத்து நான்கு விதமாகப் பிரித்துக் கேட்கும்: யாரிடம் போனீர்கள், டொக்டரே என்ன மாற்றுச் சிகிச்சை தந்தார், என்ன மூலிகையும் துணை உணவும் எடுத்தீர்கள், நீங்களாக என்ன செய்தீர்கள். இந்த வைத்தியங்கள் பற்றிய மனப்பாங்கை அளக்க 2004 இல் வந்த சி.எச்.பி.கியூ என்ற வினாக்கொத்து இருக்கிறது. மருத்துவ மாணவர்களை வைத்தே உருவாக்கியது, பத்துக் கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு படி. சில கூற்றுகள் எதிர்மறையாக இருக்கும், அவற்றைத் திருப்பிப் புள்ளியிட வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் இதை மறந்துவிட்டு, கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை அளக்கும் குரோன்பாக் அல்பா ஏன் இவ்வளவு கீழே கிடக்கிறது என்று தலையில் கைவைத்தவர்கள் உண்டு. உருவாக்கியவர்களுக்கு மின்னஞ்சல் போட்டு அனுமதி பெறுங்கள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் மொழிமாற்றி, சரிபார்க்கத் திருப்பி ஆங்கிலத்துக்கு மாற்றி, உங்கள் மாதிரியில் சேராத வகுப்பில் சிறிய முன்பரீட்சை செய்யுங்கள். எங்கள் பீடத்துக்கு எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவதால் சிங்களப் பிரதி இல்லாமல் சரிவராது.

ஆனால் கருவியை அப்படியே இறக்கினால் இங்கே பொருந்தாது. மேல்நாட்டு வரைவிலக்கணத்தில், ஆங்கில வைத்தியத்தோடு சேர்த்துப் பாவித்தால் துணை, அதற்குப் பதிலாகப் பாவித்தால் மாற்று. இலங்கையில் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்துக்குள் சித்தமும் யூனானியும் தேசிய வைத்தியமும் வந்துவிடுகின்றன. அரச ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது, பதிவுசெய்த வைத்தியர் இருக்கிறார். இன்னும் கிட்டப் பார்த்தால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் எம்.பி.பி.எஸ்ஸும் தாதியமும் படிப்பிக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டம் படிப்பிக்கிறார்கள். ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டச் சான்றிதழ் வாங்கப்போகும் ஒருவரின் துறையை இன்னொருவரின் வினாக்கொத்தில் "மாற்று" என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொதுப்பெயரை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சித்த வைத்தியர், ஆயுர்வேத வைத்தியசாலை, யூனானி, ஹோமியோபதி, முறிவு வைத்தியர், விஷகடி வைத்தியர், யோகா, வீட்டுக் கைமருந்து. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் போகிறவர்கள் யூனானியைப் பட்டியலின் கடைசியில் ஒளித்து வைக்காதீர்கள்.

அடுத்தது வேண்டுதல். ஐ-கேம்-கியூவில் "உடல்நலத்துக்காகப் பிரார்த்தித்தல்" என்று ஒரு வரி இருக்கிறது. இந்த ஒரு வரி முடிவையே தூக்கிக் கவிழ்க்கும். அமெரிக்காவில் 2002 ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார நேர்காணலில், மாற்று, துணை முறைகளைப் பாவித்தவர்கள் வேண்டுதலைச் சேர்க்காமல் பார்த்தால் 36 வீதம், சேர்த்தால் 62 வீதம். அங்கேயே அப்படி என்றால் இங்கே? பரீட்சைக்கு முதல் காய்ச்சல் வந்தால் மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைக்காத வீடு எது? காத்தான்குடியில் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், தேவாலயத்தில் ஜெபிப்பார்கள். அம்மாள் வருத்தம் வந்த பிள்ளையை வேப்பிலையில் படுக்க வைப்பது மருந்தா, வழிபாடா? என் முடிவு இதுதான்: கேளுங்கள், ஆனால் தனி அட்டவணையில் போடுங்கள். மொத்த வீதத்தோடு கலக்காதீர்கள்.

கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீரும் இதே கதைதான். தடிமனுக்குக் குடித்தால் மருந்து, மழை நாளில் விடுதியில் சும்மா குடித்தால் பானம். "ஒரு வருத்தத்துக்காக அல்லது வருத்தம் வராமல் இருக்க" என்ற நிபந்தனையைக் கேள்விக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். காலத்தையும் 12 மாதம் என்று கட்டிவிடுங்கள். "எப்போதாவது" என்று கேட்டால் கொரோனாக் காலத்துக் கசாயங்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும். 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று கொடுத்த ஒரு பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்ற நாடு இது.

மாதிரி அளவுக்கு வருவோம். 95 வீத நம்பிக்கைக்கும் 5 வீதப் பிழைக்குமான புத்தகச் சூத்திரத்தில் 1.96 இன் வர்க்கத்தை 0.5 ஆலும் 0.5 ஆலும் பெருக்கி, 0.05 இன் வர்க்கத்தால் வகுத்தால் 384 வரும். மொத்த மாணவர்களே 200 பேர் என்றால் 384 பேரை எங்கே பிடிப்பது? சிறிய குடித்தொகைத் திருத்தம் செய்தால் 132 போதும். பதில் தராதவர்களுக்காகப் பத்து வீதம் கூட்டிக்கொள்ளலாம். இந்தத் திருத்தம் தெரியாமல், தேவையில்லாமல் மற்ற நிறுவனங்களுக்கெல்லாம் அனுமதிக் கடிதம் எழுதி அலைகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வகுப்பு இன்னும் சிறியதென்றால் மாதிரியே வேண்டாம், எல்லோரையும் எடுங்கள்.

வினாக்கொத்தை விரிவுரையாளர் கையால் கொடுக்க வைக்காதீர்கள். விரிவுரை முடிந்து அவர் வாசலில் நிற்கும்போது எந்தப் பிள்ளை "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லும்? பதிவு இலக்கமும் கேட்காதீர்கள். சம்மதப் படிவம் வேறு உறையில், வினாக்கொத்து வேறு உறையில்.

பகுப்பாய்வில் எல்லோருக்கும் ஒரே ஆசை: முதலாமாண்டையும் இறுதியாண்டையும் ஒப்பிடுவது. ஒப்பிடுங்கள். ஆனால் இறுதியாண்டில் பயன்பாடு குறைவாக இருந்தால், "மருத்துவக் கல்வி பயன்பாட்டைக் குறைக்கிறது" என்று எழுத முடியாது. இது ஒரே நேரத்தில் எடுத்த படம். இரண்டும் வேறு வேறு பிள்ளைகள். இந்தக் கூட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகள் கூட இருக்கலாம், அந்தக் கூட்டம் கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து படித்திருக்கலாம். இன்னொன்று, இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு "நாங்கள் விஞ்ஞானம் படித்தவர்கள்" என்று காட்டத் தோன்றும். பயன்பாடு குறையாமல், ஒப்புக்கொள்வது மட்டும் குறைந்திருக்கலாம். நோயாளி டொக்டரிடம் மறைப்பதும் டொக்டராகப் போகிறவர் வினாக்கொத்தில் மறைப்பதும் ஒரே இடத்திலிருந்து வருகிறதோ என்று நான் யோசித்ததுண்டு.

அப்புறம், இரண்டு மாறிகளுக்கு இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை. வயது, பால், சமயம், மாவட்டம், அப்பாவின் தொழில் என்று இருபது மாறிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் ஒன்றிலாவது பி-பெறுமானம் 0.05 க்குக் கீழே விழுந்து தொடர்பு இருப்பதுபோல் காட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 64 வீதம். அப்படி விழுந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் கலந்துரையாடல் எழுதும் ஆய்வறிக்கைகள் குறைவில்லை. எந்தத் தொடர்புகளைச் சோதிப்போம் என்று முன்மொழிவிலேயே நாலைந்தை எழுதிவிடுங்கள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் எதிர்பார்த்த எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போனால் கை-வர்க்கத்துக்குப் பதிலாகப் பிஷர் சோதனை. எழுதும்போது, இப்படியான ஆய்வறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 விடயங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் வைவாக் கேள்விகளில் பாதிக்கு அறிக்கையிலேயே பதில் இருக்கும்.

வைவாவில் என்னிடமும் நான் பார்த்த மற்றவர்களிடமும் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான்: "இதை வைத்துப் பாடத்திட்டத்தில் எதை மாற்றச் சொல்கிறீர்கள்?" வீதம் மட்டும் வைத்திருப்பவர் "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று சொல்லிவிட்டு மேலே பார்ப்பார். நோயாளிக் கதையின் புள்ளிகளை வைத்திருப்பவர் குறிப்பாகச் சொல்லலாம்: பிள்ளைகள் ஒவ்வாமை பற்றிக் கேட்கிறார்கள், குளிசை பற்றிக் கேட்கிறார்கள், கைமருந்தைக் கேட்பதில்லை, ஆகவே மருந்து வரலாறு படிப்பிக்கும் வகுப்பில் அரை மணித்தியாலம், நிலையம் நிலையமாகப் போய்ச் செய்து காட்டும் ஒஸ்கிச் செய்முறைப் பரீட்சையில் ஒரு நிலையம். பரீட்சையில் வந்தால்தான் எங்கள் பிள்ளைகள் படிப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

மேற்பார்வையாளரைத் தேடும்போது ஒருவரோடு நிற்க வேண்டாம். சமூக மருத்துவமோ தாதியமோ படிப்பிக்கும் ஒருவர் முதன்மையாக இருக்கட்டும். திருகோணமலைப் பக்கம் சித்த மருத்துவம் படிப்பிக்கும் ஒருவரிடம் வினாக்கொத்தை வாசிக்கக் கொடுத்து, பிழைகளைச் சொல்லச் சொல்லுங்கள். சூரணத்துக்கும் லேகியத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நாங்கள் எழுதும் கேள்விகளைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. அந்தத் திருத்தங்களோடுதான் ஒழுக்கவியல் குழுவுக்கு விண்ணப்பம் போக வேண்டும், அதன் பிறகு கேள்விகளை மாற்றினால் மறுபடியும் அனுமதி கேட்க வேண்டிவரும்.